வேதமும் ஆவியும் குவேக்கர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவேக்கர்கள் எனப்படும் நண்பர்கள் சங்கத்தார் வேதாகமத்தை எப்படி வாசிக்கிறார்கள், ஆவியானவரின் நடத்துதல் என்று தோன்றுவதை எவ்வாறு சோதித்தறிகிறார்கள், தாங்கள் கண்டடைந்ததைப் பிறரோடு எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பவை குறித்து, குறிப்பாகப் பிற திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

குவேக்கர்கள் என்பவர்கள் யார்?

17ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போரால் குலைந்து கிடந்த இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவ இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள். லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த நெசவாளர் ஒருவரின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691), குருமாரிடமும் பிரசங்கிகளிடமும் தேடியும் ஆறுதல் காணாமல் அலைந்த பின்னர், 1647இல், தன் நிலைமையை அறிந்து பேசக்கூடியவர் கிறிஸ்து இயேசு ஒருவரே என்று உள்ளத்தில் ஒரு குரல் கேட்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1652இல் வட இங்கிலாந்தின் ஃபர்பாங்க் ஃபெல் என்ற மலைச்சரிவில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அவர் பேசுவதைக் கேட்டார்கள். இயக்கம் வேர்பிடித்தது அந்தக் கோடையில்தான். தேவனுடைய வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் சொன்னதைக் கேலி செய்து டெர்பி நகர நீதிபதி ஒருவர் 1650இல் இட்ட பெயர் குவேக்கர், அதாவது நடுங்குவோர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் நண்பர்கள் என்பது. "நான் உங்களுக்குக் கற்பிக்கிற யாவையும் நீங்கள் செய்வீர்களானால், என் சிநேகிதராயிருப்பீர்கள்" என்ற யோவான் 15ஆம் அதிகார வசனம் அந்தப் பெயருக்கு அடிப்படை.

வேதாகமத்துக்கு அவர்கள் என்ன இடம் தருகிறார்கள்?

குவேக்கர்கள் வேதாகமத்தை ஒதுக்கிவிட்டு உள்ளொளியை, அதாவது ஒவ்வொருவர் உள்ளத்திலும் பிரகாசிக்கும் கிறிஸ்துவின் ஒளியை, பிடித்துக்கொண்டவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முதல் தலைமுறையினரின் எழுத்துகளைப் படித்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ஃபாக்ஸின் கடிதங்களில் வேதவசனம் கலவாத பக்கத்தைக் காண்பது அரிது. சத்தியம் பண்ணவேண்டாம் என்று மத்தேயு 5இல் இயேசு சொன்னதை அப்படியே ஏற்று, நீதிமன்றத்தில் ஆணையிட மறுத்ததற்காகவே நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ஸ்வார்த்மோர் மாளிகையின் தலைவி மார்கரெட் ஃபெல் (1614–1702) அதே காரணத்துக்காக 1664இல் லங்காஸ்டர் சிறையில் அடைக்கப்பட்டார். பெண்கள் சபையில் பேசலாம் என்பதற்கு வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டி அவர் எழுதிய நூல் 1666இல், அவர் சிறையில் இருந்தபோதே வெளிவந்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைப் பற்றிய செய்தியை முதலில் கொண்டுசென்றவர்கள் பெண்கள் அல்லவா என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

குவேக்கர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது அதிகாரத்தின் வரிசையில்தான். வேதத்தை எழுதினவர்களை ஏவிய ஆவியானவர் இன்றும் பேசுகிறார். அவர் திறந்துகாட்டாமல் வேதத்தை ஒருவரும் சரியாக அறியமுடியாது என்பது ஃபாக்ஸின் நிலைப்பாடு. 1652இல் அல்வர்ஸ்டன் தேவாலயத்தில் அவர் எழுந்து, "கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர் இப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள், நீ என்ன சொல்லக்கூடும்?" என்று கேட்டார். அதைக் கேட்ட மார்கரெட் ஃபெல் இருக்கையில் அமர்ந்து அழுததாகவும், வேதத்தை வார்த்தைகளாக மட்டும் எடுத்துக்கொண்ட நாமெல்லாரும் திருடர்கள் என்று தம் உள்ளம் கதறியதாகவும் பிற்காலத்தில் எழுதினார். வேதத்தை நன்றாக அறிந்த ஒரு பெண், தான் அறிந்தது தன்னுடையதாக இல்லை என்று கண்டுகொண்ட கணம் அது.

இந்த நிலைப்பாட்டுக்கு இறையியல் வடிவம் தந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே (1648–1690). 1676இல் லத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த தம் விளக்க நூலில், வேதாகமம் ஊற்றைக் குறித்த அறிக்கையே தவிர ஊற்று அல்ல என்றும், ஆவியானவருக்குக் கீழ்ப்பட்ட இரண்டாம் அளவுகோல் என்றும் அவர் எழுதினார். அதே நூலில் அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்: ஆவியின் ஏவுதல் என்று சொல்லிக்கொண்டு வேதத்துக்கு முரணாக யார் எதைச் செய்தாலும் அது பிசாசின் வஞ்சகமாகவே எண்ணப்படவேண்டும். முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் பார்க்ளேயைப் பாதிதான் காட்டுகிறார்கள்.

மனதில் தோன்றுவதையெல்லாம் ஆவியின் குரல் என்று சொல்லிவிடும் ஆபத்து இல்லையா?

உண்டு. அதை அவர்கள் மிகக் கசப்பான அனுபவத்தில் கற்றார்கள். ஃபாக்ஸுக்கு இணையான பேச்சாளராக மதிக்கப்பட்ட ஜேம்ஸ் நெய்லர், 1656 அக்டோபரில், இயேசு எருசலேமுக்குள் சென்றதைப் போல பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் நுழைந்தார். அவரோடு வந்தவர்கள் "பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாடினார்கள். எல்லா மனிதரிலும் இருக்கும் கிறிஸ்துவுக்கு அடையாளமாகவே அதைச் செய்ததாக அவர் சொன்னபோதிலும், பாராளுமன்றமே அவரை விசாரித்து, தேவதூஷணக் குற்றத்துக்காகச் சவுக்கடி கொடுத்து, நெற்றியில் சூடு போட்டு, நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்தது. அந்தத் தண்டனையின் கொடுமையை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தனிமனிதரின் ஏவுதல் தானே தனக்குச் சாட்சியாக நிற்கமுடியாது என்பதை அதற்குப் பின் குவேக்கர்கள் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர்களிடையே சில சோதனைகள் நிலைபெற்றன. இந்த ஏவுதல் என் வசதிக்கும் பெருமைக்கும் துணைபோகிறதா, அல்லது சிலுவையைச் சுமக்கச் சொல்கிறதா? காத்திருந்தால் மங்கிப்போகிறதா, வலுப்பெறுகிறதா? சுயசித்தம் பொறுமையற்றது, மெய்யான நடத்துதல் காலதாமதத்தைத் தாங்கும். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் 5இல் பவுல் எண்ணும் கனிகளை அது தருகிறதா? ஆவியானவர் முன்பு வெளிப்படுத்தியதோடு இது இசைகிறதா? 1661 ஜனவரியில் அரசர் இரண்டாம் சார்லஸுக்கு அளித்த சமாதான அறிக்கையில், ஒருமுறை தீயதென்று விலக்கியதைச் செய்யும்படி பின்னொரு முறை ஏவுகிறவர் அல்ல கிறிஸ்துவின் ஆவியானவர் என்று அவர்கள் எழுதியதன் உட்பொருள் இதுவே. இவற்றுக்கெல்லாம் மேலாக, கூடிவரும் நண்பர்கள் அதில் அதே குரலை அடையாளம் காண்கிறார்களா என்ற சோதனை இருக்கிறது. "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்ற வசனத்தையும், அதையொட்டி வரும் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தையும் பிரிக்காமல் கைக்கொள்ள முயன்றவர்கள் இவர்கள். என் பார்வையில் குவேக்கர் மரபின் உண்மையான கொடை, உள்ளொளியைப் பற்றிய போதனையைவிட, அந்த ஒளியைத் தனியாக நம்பிவிடாத இந்தப் பழக்கம்தான்.

மௌன ஆராதனையில் என்ன நடக்கிறது? ஒருவர் எப்போது பேசுகிறார்?

போதகரோ பாடலோ முன்கூட்டி எழுதிய ஜெபமோ இன்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். இரண்டு பேராவது மூன்று பேராவது கூடும் இடத்தில் தாம் இருப்பதாக மத்தேயு 18இல் இயேசு கொடுத்த வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பதால், இதைத் தனித்தனித் தியானங்களின் தொகுப்பாக எண்ணக்கூடாது. யாராவது ஒருவருக்குச் சொல்லவேண்டியது கொடுக்கப்பட்டதாக உணர்ந்தால், ஆணோ பெண்ணோ, எழுந்து சுருக்கமாகச் சொல்லி அமர்வார். எழுமுன் அவர் தம்மையே கேட்கவேண்டும்: இது எனக்கு மட்டும் உரியதா, எல்லாருக்குமா? இப்போது சொல்லவேண்டியதா, பிறகா? நான் பேச விரும்புகிறேனா, பேசாமல் இருக்க முடியவில்லையா? பேசியதற்கு உடனே பதிலோ மறுப்போ சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னது உள்ளே இறங்குவதற்கு இடைவெளி விடப்படுகிறது. பேசப்படுவது பல சமயங்களில் வேதவசனத்திலிருந்தே எழும், ஆனால் அதற்காக யாரும் வீட்டில் உரை தயாரித்துக்கொண்டு வருவதில்லை.

வாக்கெடுப்பு இல்லாமல் எப்படி முடிவெடுக்கிறார்கள்?

நிர்வாகக் கூட்டமும் அவர்களுக்கு ஆராதனையே. மௌனத்தில் தொடங்குகிறது, மௌனத்தில் முடிகிறது. தலைவர் என்று ஒருவர் இல்லை. எழுத்தர் என்ற பொறுப்பில் இருப்பவர் விஷயத்தை முன்வைக்கிறார், பேச விரும்புகிறவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார், கூட்டம் எங்கே நடத்தப்படுகிறது என்பதை உற்றுக்கேட்டு, அங்கேயே ஒரு தீர்மானக் குறிப்பை எழுதி வாசிக்கிறார். அது கூடியிருப்பவர்களின் ஒருமனத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று எல்லாரும் பார்த்து, திருத்தி, ஏற்றுக்கொள்கிறார்கள். பெரும்பான்மையைக் கணக்கிடுவதும் இல்லை, இரு தரப்புக்கும் பொதுவாகச் சமரசம் தேடுவதும் இல்லை. எருசலேம் ஆலோசனைச் சங்கம் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று அப்போஸ்தலர் 15இல் எழுதியதே அவர்கள் முன் நிற்கும் மாதிரி. ஒருமனம் காணாவிட்டால் முடிவு தள்ளிவைக்கப்படும். ஒருவர் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் வழியில் குறுக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு.

திருமணம், வேலை, ஊழியம் போன்ற சொந்த முடிவுகளுக்கும் இதன் சிறிய வடிவம் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டால், நம்பிக்கைக்குரிய சிலர் அவரோடு அமர்ந்து, அறிவுரை எதுவும் சொல்லாமல், கேள்விகளை மட்டுமே கேட்டு, அவர் தமக்குள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பதைக் கண்டுகொள்ள உதவுவார்கள். அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்த முறை உண்மையில் எதைச் சாதித்தது?

அடிமைமுறை பற்றிய வரலாற்றைத்தான் காட்டவேண்டும், ஏனென்றால் இம்முறையின் பலமும் பலவீனமும் அதில் சேர்ந்தே தெரிகின்றன. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு, மனுஷர் உங்களுக்கு எதைச் செய்ய விரும்புகிறீர்களோ அதையே அவர்களுக்குச் செய்யுங்கள் என்ற கட்டளையை ஆதாரமாக வைத்து, மனிதரை வாங்கி விற்பதற்கு எதிராகத் தங்கள் கூட்டத்துக்கு எழுதினார்கள். விஷயம் மிகக் கனமானது என்று மாதக் கூட்டம் தனக்கு மேலான காலாண்டுக் கூட்டத்துக்கும், அது அதற்கும் மேலான ஆண்டுக் கூட்டத்துக்கும் அனுப்ப, ஆண்டுக் கூட்டம் அதை ஒதுக்கி வைத்தது. அப்போது குவேக்கர்களில் பலரே அடிமைகளை வைத்திருந்தார்கள். 1738இல் பெஞ்சமின் லே என்பவர் இதைக் கூட்டத்தின் நடுவே கடுமையாகக் கண்டித்தபோது, அவரையே விலக்கிவிட்டார்கள்.

நியூஜெர்சியைச் சேர்ந்த தையற்காரர் ஜான் உல்மன் (1720–1772) வேறு வழியில் நடந்தார். இளைஞராக இருந்தபோது, அவருக்கு வேலை கொடுத்தவர் ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குகிறவரும் ஒரு முதிய குவேக்கர். எழுதிக்கொடுத்தபோதே, அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று இருவரிடமும் சொன்னார். எழுதியதற்காக உள்ளம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அதன்பின் அடிமைகளை வைத்திருந்த நண்பர்களின் வீடுகளுக்கே சென்று, அவர்களுடைய உள்ளத்தோடு பேசினார். அடிமைகளின் உழைப்பை இலவசமாக அனுபவிக்க மனமின்றி, தங்கிய வீடுகளில் அதற்குப் பணம் கொடுத்தார். 1757இல் தென் பகுதிகளில் பயணம் செய்தபோது, கறுப்பர்கள் காயீனின் வழிவந்தவர்கள், அவர்களின் நிறமே தேவன் இட்ட அடையாளம் என்று ஒருவர் வேதத்தைக் காட்டி வாதிட்டார். வெள்ளத்துக்குப் பின் எஞ்சிய நோவா சேத்தின் வம்சம் என்பதை உல்மன் நினைவூட்டினார். தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று தீர்க்கதரிசிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். வசனத்துக்கு வசனம் பதில் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரே புத்தகத்திலிருந்து இருவரும் மேற்கோள் காட்டும்போது, எந்த ஆவியில் வாசிக்கப்படுகிறது என்பதே தீர்ப்பாகிறது. பார்க்ளே எழுதிய வரிசையின் நடைமுறைப் பொருளை இந்த உரையாடல் தெளிவாகக் காட்டுகிறது.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வைத்திருந்த உறுப்பினர்களைச் சந்தித்து விடுதலைக்கு வற்புறுத்த ஒரு குழுவை நியமித்தது. உல்மனும் அதில் ஒருவர். ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரல் உன்னதமானவரின் செவிகளுக்கு எட்டிவிட்டது என்றும், அவர் நம் பக்கம் சாய்ந்து தீர்ப்பளிக்கமாட்டார் என்றும் அந்தக் கூட்டத்தில் அவர் பேசினார். 1776இல் அதே ஆண்டுக் கூட்டம் அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கத் தீர்மானித்தது. 1783இல் பிரிட்டனின் குவேக்கர்கள் அடிமை வணிகத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 1787இல் லண்டனில் உருவான ஒழிப்புக் குழுவின் 12 பேரில் 9 பேர் அவர்கள்.

உடையாத ஒருமனத்தோடு ஒரு சமயக் கூட்டம் தன் சொத்தைத் தானே விட்டுக்கொடுத்தது பெரிய காரியம். ஆனால் ஜெர்மன்டவுன் மனுவுக்கும் 1776க்கும் இடையே 88 ஆண்டுகள் கடந்தன. காத்திருந்தவர்கள் குவேக்கர்கள், அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் அடிமைகளாக வாழ்ந்து இறந்தவர்கள். விடுதலைக்குப் பின்னும் சில ஆராதனை இல்லங்களில் கறுப்பினத்தார் தனி இருக்கைகளில் அமர்த்தப்பட்டார்கள். ஒருமனத்துக்காகக் காத்திருக்கும்போது யாருடைய குரல் அந்த அறைக்குள்ளேயே இல்லை என்று கேட்காவிட்டால், பொறுமை அநீதிக்கு மறைவாகிவிடும்.

வேதாகமத்தைச் சேர்ந்து படிக்கும் வழக்கம் உண்டா?

உண்டு. பல கூட்டங்களில் ஒரு பகுதியை வாசித்து, சற்று நேரம் மௌனமாயிருந்து, ஐந்து கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் தேடுகிறார்கள்: எழுதியவர் முக்கியமாக என்ன சொல்கிறார்? எனக்கு இதில் புதிதாகக் கிடைக்கும் ஒளி எது? என் அனுபவத்தில் இது மெய்யாக இருக்கிறதா? என் வாழ்வில் இது எதைக் கேட்கிறது? இதில் எனக்கு இடறலாக இருப்பது எது? ஐந்தாம் கேள்விக்கு இடம் கொடுப்பது நல்ல ஏற்பாடு. இடறலை மறைத்து வாசிக்கும் வேதம் நெடுநாள் நம்மோடு தங்குவதில்லை.

ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஏன் இல்லை?

வேதத்தை மறுத்து அல்ல, அதை வாசித்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். தமக்குப் பின் வருகிறவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் ஞானஸ்நானம் கொடுப்பார் என்று யோவான்ஸ்நானகன் சொன்னதையும், கதவைத் திறக்கிறவனோடு போஜனம்பண்ணுவேன் என்று வெளிப்படுத்தல் 3இல் உள்ள வாக்குறுதியையும் உள்ளத்தில் நிறைவேறுகிறவையாகவே கொள்கிறார்கள். பிற சபைகளில் அவற்றை மெய்யான அனுபவத்தோடு கைக்கொள்கிறவர்களைப் பெரும்பாலானோர் குறைசொல்வதில்லை.

எல்லாக் குவேக்கர்களும் இவற்றில் ஒத்துப்போகிறார்களா?

இல்லை. வேதத்துக்கும் ஆவிக்கும் இடையிலான சமநிலை குலைந்தபோதெல்லாம் பிளவு வந்திருக்கிறது. 1827இல் பிலடெல்பியாவில், உள்ளொளியையே பெரிதும் வலியுறுத்திய எலையஸ் ஹிக்ஸைச் சார்ந்தவர்களும், வேதத்தையும் கிறிஸ்துவின் பாவநிவாரண மரணத்தையும் முன்னிறுத்தியவர்களும் பிரிந்தார்கள். 1840களில் நியூ இங்கிலாந்தில், வேதக் கல்வியை ஊக்குவித்த ஜோசப் ஜான் கர்னியின் பக்கமும், பழைய உள்முகக் காத்திருத்தலைக் காத்த ஜான் வில்பரின் பக்கமும் பிரிந்தன. வாக்கெடுப்பே இல்லாத ஒரு சமூகம் இத்தனை முறை உடைந்தது என்பது அதை நேசிக்கிறவர்களுக்கு வேதனையான செய்தி.

இன்று உலகிலேயே அதிகமான குவேக்கர்கள் இருப்பது கென்யாவில். 1902இல் அமெரிக்காவிலிருந்து மூவர் வந்து கைமோசியில் தொடங்கிய ஊழியத்தின் கனி அது. அங்கே போதகர்களும் பாடல்களும் பிரசங்கமும் உண்டு. வேதத்தின் அதிகாரம் உறுதியாகப் போதிக்கப்படுகிறது. பிரிட்டனின் பெரும்பாலான கூட்டங்களோ மௌனத்திலேயே கூடுகின்றன. தன்பாலினத் திருமணத்தை 2009இல் பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் ஏற்றுக்கொண்டபோது அதை ஆவியின் நடத்துதல் என்றே பதிவுசெய்தது. ஆப்பிரிக்காவின் நண்பர்கள் பலர் அதை வேதத்துக்கு முரணாகப் பார்க்கிறார்கள்.

அவர்கள் சுவிசேஷம் அறிவிக்கிறார்களா?

முதல் தலைமுறையினர் ஓயாமல் அறிவித்தார்கள். யார்க்ஷயரில் வேலைக்காரியாக இருந்த மேரி ஃபிஷர், 1658இல் ஏட்ரியானோப்பிளில் முகாமிட்டிருந்த துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மதைத் தேடிச் சென்று, தமக்குக் கொடுக்கப்பட்ட செய்தியைச் சொன்னார். சுல்தான் மரியாதையோடு கேட்டு, வழித்துணைக்குக் காவலர்களை அனுப்பவும் முன்வந்தார். அவர் அதை ஏற்கவில்லை. அறிமுகமற்ற மனிதருக்குள்ளும் தேவனுக்குச் செவிகொடுக்கும் ஓரிடம் உண்டு என்ற நம்பிக்கைதான் அவரை அங்கே கொண்டுபோனது. 1656இல் லான்செஸ்டன் சிறையிலிருந்து ஃபாக்ஸ் எழுதிய கடிதமும் அதையே சொல்கிறது: நீங்கள் போகும் இடமெல்லாம் மாதிரிகளாயிருங்கள், உங்கள் நடத்தையும் வாழ்வும் பிரசங்கிக்கட்டும், அப்போது ஒவ்வொருவரிலும் தேவனுக்குரியதாய் இருப்பதற்குப் பதிலளித்துக்கொண்டு உலகத்தில் மகிழ்ச்சியோடு நடப்பீர்கள்.

1763இல் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வாழ்ந்த பூர்வகுடியினரிடம் உல்மன் சென்றார். அவர்களுடைய வாழ்வையும் அவர்களுக்குள் இருக்கும் ஆவியையும் அறிந்துகொள்ளவும், அவர்களிடமிருந்து ஏதேனும் கற்றுக்கொள்ளவும் அன்பே தம்மை முதலில் அசைத்தது என்று அவர் எழுதினார். கற்பிப்பதைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசுகிறார். ஒரு மாலைக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிட்டு ஜெபித்தார். வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை உணர விரும்புகிறேன் என்று பப்புனேஹாங் என்ற தலைவர் அதன்பின் சொன்னார். 1817 முதல் லண்டன் நியூகேட் சிறையில் எலிசபெத் ஃபிரையும் அவருடைய தோழியரும் பெண் கைதிகளுக்கு நாள்தோறும் வேதம் வாசித்தார்கள். துணியும் தையல் வேலையும் குழந்தைகளுக்குக் கல்வியும் அதோடு சேர்ந்தே போயின.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இவர்கள் பணி உண்டா?

1866இல் ரேச்சல் மெட்காஃப் என்ற ஆங்கிலேயப் பெண் காசிக்கு வந்தார். பின்னர் ஹோஷங்காபாத் வட்டாரத்தில் குவேக்கர் ஊழியம் பள்ளிகளும் கைத்தொழிலுமாக வளர்ந்தது. தமிழ்நாட்டுத் தொடர்பு மார்ஜரி சைக்ஸ் (1905–1995) வழியே வருகிறது. 1928இல் சென்னைக்கு வந்து வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், தமிழைக் கற்றார், இங்கே இருந்தபோதே குவேக்கர்களோடு சேர்ந்தார், பிற்காலத்தில் காந்தியக் கல்வியிலும் நீலகிரியின் கோத்தகிரியில் சாந்தி சேனை என்ற அமைதிப் படையின் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதிலும் ஈடுபட்டார்.

வேறு சபையைச் சேர்ந்தவர் ஆராதனைக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். யாரும் உறுப்பினரா என்று கேட்கமாட்டார்கள். காணிக்கைத் தட்டும் வருவது அரிது. மூப்பர்கள் இருவர் கைகுலுக்கியதும் ஆராதனை முடியும், பின் அறிவிப்புகளும் தேநீரும் இருக்கும். பேசத் தோன்றினால் வந்தவரும் பேசலாம், ஆனால் முதல் சில முறை கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. சேர விரும்புகிறவர் பிரிட்டன் வழக்கப்படி கூட்டத்துக்குக் கடிதம் எழுதுவார். நண்பர்கள் இருவர் அவரைச் சந்தித்து உரையாடி, கூட்டத்துக்கு அறிக்கை கொடுப்பார்கள். விசுவாசப் பிரமாணம் எதையும் அவர் ஒப்புவிக்க வேண்டியதில்லை.